ஜன்னலோர இருக்கையின் சாக்லேட்

ஜூரிச் நெருங்கியதும் விமானப் பணிப்பெண் ரெகுலா சாக்லேட் கூடையை நீட்டினாள். ஆளுக்கு ஒன்று எடுப்பதுதான் வழக்கம். பெரியவர் சுர்பிரிக்கனும் ஒன்றே எடுத்தார். அவர் பக்கத்து ஜன்னலோர இருக்கை காலி.

திரும்பி வந்தவள் அந்த இருக்கையில் கிடந்த வெற்று உறையைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு எடுத்தீங்களா ஐயா? பரவால்ல, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பெரியவரின் முகம் சிவந்தது.

"எங்க குடும்பத்துல யாரும் ரெண்டாவதுக்குக் கை நீட்டினதில்லம்மா!" என்று பிரிக்காத தன் சாக்லேட்டைக் காட்டினார்.

"அப்ப இத யாரு தின்னா?"

ஜன்னல் கண்ணாடியில் சாக்லேட் படிந்த சிறு விரல்தடம் ஒன்று தெரிந்தது. பெரியவர் கைக்குட்டையால் தேய்த்தார். ரெகுலா ஈரத்துணியால் தேய்த்தாள். அது அழியவில்லை. தடம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் இருந்தது.

"இப்பவாவது நம்புறீங்களா?" என்றார் மெதுவாக.

ரெகுலா கண்ணாடியருகே குனிந்தாள். அந்தத் தடத்தருகே இன்னொரு விரல் பதிந்துகொண்டிருந்தது.