அந்தோணியாரின் சுண்டுவிரல்

மூன்று ஞாயிறுகளாக நான் நற்கருணை அப்பத்தை நாக்கில்தான் வாங்குகிறேன். கையில் வாங்க முடியாது. மூடிய வலது கைக்குள் அந்தோணியாரின் சுண்டுவிரல் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் கொடுத்துவிடுவதென்றுதான் எடுத்து வருகிறேன்.

திருவிழாவுக்கு மாலை போட நாற்காலியில் ஏறியபோது தடுமாறி, அந்தோணியார் சுரூபத்தின் சுதைக் கையைப் பிடித்தேன். விரல் என்னோடு வந்துவிட்டது. சாக்பீஸ் போல அத்தனை லேசு. கோயில் கூட்டும் சலேத்தக்காவைத்தான் எல்லோரும் கேட்டார்கள். தான் உடைக்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். "தொடைக்கும்போது தெரியாம ஒடச்சிருப்பேன் போல சாமி" என்று பங்குச் சாமியாரிடம் அழுதார். பாடகர் குழுவோடு நின்றிருந்த நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அக்கா, பாவம் செய்துவிட்டோமென்று, நற்கருணைக்கு எழுந்து வருவதில்லை. கடைசித் தூணோரம் முட்டிபோட்டபடியே இருக்கிறார்.

இன்று அவரைக் கடந்துதான் வரிசையில் சேர்ந்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து, "எனக்கும் சேத்து வேண்டிக்க பாப்பா" என்றார்.

"கிறிஸ்துவின் திருவுடல்" என்று சாமியார் அப்பத்தை உயர்த்தினார். என் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தார். நான் கையை நீட்டி விரித்தேன். வியர்வையில் வண்ணம் கரைந்து உள்ளங்கையெல்லாம் ரோஸாகியிருந்தது. நடுவில் அந்த விரல். அப்பம் அப்படியே அந்தரத்தில் நின்றது. பின்னாலிருந்து ரெஜினா, "நகருடி" என்று முதுகைத் தொட்டாள்.

"ஆமென்" என்றேன், கடைசித் தூண்வரை கேட்கும்படி.