கிளட்ச் இல்லாத கார்

இரண்டு டக் கேட்டுவிட்டது. மூன்றாவது வரவில்லை.

மெக்கானிக் அழகுமலை சட்டியை நெஞ்சோடு அணைத்தபடி கண்ணை மூடினான். டார்க் கன்வெர்ட்டர் என்று எஸ்டேட் துரையின் காரோடு வந்த புத்தகத்தில் பெயர். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் அது சட்டி. இரண்டு இரும்புச் சட்டிகளை வாயோடு வாய் வைத்து வெல்டு அடித்த மாதிரிதான் இருக்கும். உள்ளே எண்ணெயும் சேர்ந்தால் ஒரு கொழுந்து மூட்டைக் கனம்.

தேயிலைப் பெட்டிமேல் கிடத்திய கியர்பாக்ஸின் முனையில் அதைச் செருகித் திருக வேண்டும். பல்லோடு பல் மாட்டி, முறைக்கு ஒரு டக்காக, மூன்று முறை உள்ளே இறங்கும். மூன்றாவது இறங்காமல் போல்ட்டை முடுக்கினால் எண்ணெய்ப் பம்பு நொறுங்கிவிடும். அப்புறம் கார் பழைய இரும்புக்குத்தான்.

காலையில் ஒருமுறை ஏமாந்தாயிற்று. கியர்பாக்ஸைத் தூக்கி என்ஜினோடு சேர்த்து நாலு போல்ட்டு மாட்டிச் சுற்றிப் பார்த்தால், சட்டி அசையவில்லை. நல்லவேளை, முடுக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி கீழே இறக்கினான். கஞ்சி கூடக் குடிக்கவில்லை.

"எறங்கிருச்சா அண்ணாச்சி?"

டிரைவர் சூசையப்பன் டயர்மேல் உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். விடிந்ததிலிருந்து இதே கேள்வி.

"எறங்குனா ஒனக்குத் தந்தி அடிக்கேன். லைட்ட நேராப் புடிலே."

துரை காலையிலேயே சொல்லிவிட்டார். நாலு மணிக்குள் ஓடாவிட்டால் காரை உடைக்கிறவனுக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் ஜீப்தான். சூசையப்பன் ஜீப்பை ஓட்டட்டும்.

"கார் போனா எனக்கு வேலை போச்சு அண்ணாச்சி. எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீடும் போச்சு."

"ஏன், ஜீப்புக்கு டிரைவர் வேண்டாமா? ஜீப்பு என்ன பேயா ஓட்டுது?"

சூசையப்பன் டார்ச்சை மறு கைக்கு மாற்றினான்.

அழகுமலைக்கு எரிச்சலாக வந்தது. பதினோரு வருஷம் கொழுந்து லாரி ஓட்டியவன் இவன். இரண்டு வருஷத்துக்கு முன் மாட்டுப்பட்டி ரோட்டில் லாரி கவிழ்ந்தது. நாலு மாசம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தவன் லாரிப் பக்கமே போகவில்லை. துரையின் கார்தான் வேண்டும் என்று ஆபீஸ் வாசலில் நின்று வாங்கினான். கிளட்ச் மிதி கிடையாது, கியரும் தானே மாறிக்கொள்ளும். சோம்பேறி வண்டி. துரைக்கு வால் பிடிக்கிறான் என்று லயம் முழுக்கப் பேச்சு.

"லாரி ஓட்டுன பயலுக்குக் குஷன் சீட்டுதான் கேக்குதோ?" என்றான் அழகுமலை.

"கேக்குது அண்ணாச்சி" என்றான் சூசையப்பன்.

சட்டியைக் கால் சுற்று திருப்பினான். திரும்பக் கால் சுற்று. தோள்பட்டை மரத்துவிட்டது. இதற்குமேல் முடியாது, போய்த் துரையிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நினைத்தபடியே இன்னும் ஒரு விரற்கடை திருப்பினான்.

டக்.

பக்கத்து ஃபேக்டரியின் ரோலர் இரைச்சலில் காதில் விழவில்லை. நெஞ்செலும்பில்தான் தெரிந்தது. சட்டி கட்டைவிரல் அகலம் உள்ளே போய் உட்கார்ந்தது.

சங்கிலி போட்டுத் தூக்கி, சேர்த்து, சுற்றிப் பார்த்தான். சுற்றியது. போல்ட்டுகளை முடுக்கி எண்ணெய் ஊற்றி முடித்தபோது மூன்றே முக்கால்.

"போய் ஸ்டார்ட் பண்ணு. நான் கீழே ஒழுக்கு பாக்கேன்."

காருக்கடியில் சாக்கில் மல்லாந்து கிடந்தவனுக்கு சூசையப்பனின் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. கதவு திறந்தது. சீட்டில் பக்கவாட்டாக உட்கார்ந்தான் போல, பூட்ஸ் இரண்டும் வெளியே பார்த்து நின்றன.

பிறகு இரண்டு கைகள் கீழே வந்தன. இடது கெண்டைக்காலைப் பேண்ட்டோடு சேர்த்துப் பிடித்து, விறகைத் தூக்குவதுபோல் தூக்கி உள்ளே வைத்தன.

வலது பூட்ஸ் தானாக ஏறியது.

என்ஜின் ஓடியது. சொட்டு ஒழுக்கில்லை. அவன் தலைக்குமேலே வண்டி சத்தமில்லாமல் ஒரு சாண் பின்னால் நகர்ந்து, முன்னால் வந்து நின்றது. அழகுமலை எழுந்திருக்காமல் கிடந்தான்.

சூசையப்பன் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். லயத்தில் இழுக்காமல் நடக்கிற ஆம்பளை யார்? துரை பங்களாப் படி இறங்குமுன் இவன் காருக்குள் உட்கார்ந்திருப்பான். அந்தக் கால் நிற்கும். மிதிக்காது. லாரியிலும் ஜீப்பிலும் கிளட்ச்சை மிதிக்க இடது கால் வேண்டும்.

துரை குடையோடு வந்தார். காரைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார்.

"நல்ல வேலை, அழகுமலை. ஆனா மழைக்கு மலை ரோட்டுல ஜீப்தான் சரி. சூசையப்பா, நாளைக்குக் காலையில ஜீப்பை எடுத்துட்டு வா."

ஸ்டியரிங்மேல் இருந்த கைகள் அசையவில்லை.

அழகுமலை சாக்கோடு வெளியே வந்தான்.

"ஜீப்பு ஆகாதுங்க துரை. கிளட்ச் தகடு தேஞ்சுபோச்சு. கியர்பாக்ஸ இறக்கணும்."

"நேத்து ஓடுச்சே?"

"நேத்து வரைக்கும் ஓடுச்சுங்க. புதுத் தகடு கொச்சியில இருந்துதான் வரணும். அது வர்றதுக்குள்ள மழை விட்டுரும்."

துரை தன் பாஷையில் ஏதோ முனகிக்கொண்டு போனார்.

சூசையப்பன் காருக்குள்ளிருந்து பார்த்தான். வாயைத் திறக்கப் போனான்.

"என்னலே பாக்க? பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து நீட்டு."

அழகுமலை சாக்கை இழுத்துக்கொண்டுபோய் ஜீப்புக்கடியில் விரித்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்தான். ஒரு குறையும் இல்லாத கியர்பாக்ஸின் முதல் போல்ட்டைக் கழற்றத் தொடங்கினான்.