வாரண்ட் நிலுவை

மூன்று மாதத்திற்கு ஒருமுறை மாவட்ட நீதிமன்றத்தின் தகவல் மையத்திற்கு வந்து, தம்பி இளவழகன் பெயரில் பிடிவாரண்ட் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுச் செல்வது மங்கையர்க்கரசியின் வழக்கம். அடிதடி வழக்கொன்றில் ஆஜராகாமல் அவன் ஊரைவிட்டுப் போய் ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன; ஒரு கடிதமோ அழைப்போ இல்லை. 'வாரண்ட் நிலுவை' என்று கணினித் திரையில் தெரியும் ஒவ்வொரு முறையும் அவள் கைகூப்பி நன்றி சொல்வாள். நீதிமன்றமே தேடுகிறதென்றால் அவன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வாள்.

இன்று எழுத்தர் தாவீது, இளவழகனின் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "ஸ்வீட் எங்கக்கா? உங்க தம்பி மேல வாரண்ட் இல்ல."

"நல்லாப் பாருங்க சார். இனிஷியல் மாத்திப் போட்டிருப்பீங்க."

"கு. இளவழகன், தகப்பனார் பேர் குருசாமி. அதே ஆள்தான். போன மாசமே ரத்து பண்ணிட்டாங்க."

"எதனால சார்?"

"ஆளே கோர்ட்டுல வந்து நின்னா ரத்து பண்ணுவாங்க. இல்லன்னா..." அவள் முகத்தைப் பார்த்ததும் தாவீதின் குரல் தணிந்தது. "உத்தரவைத் திறந்தா தெரிஞ்சிடும்க்கா."

அவர் மவுஸை நகர்த்தினார். மங்கையர்க்கரசி கவுண்ட்டரின் சிறு திறப்பு வழியே கையை நுழைத்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மறுகணமே வெட்கி விட்டுவிட்டாள்.

"பின்னால நிக்கிறவங்களை முதல்ல கவனிங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவளுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை.