செலரித் துண்டுகள்

நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு குடும்பம் வருடத்துக்கு நாற்பது மணி நேரம் அந்தக் கிறிஸ்தவப் பள்ளிக்கு உழைத்துக் கொடுத்தால் போதும். டார்லா மார்ச் மாதத்துக்குள் இவ்வளவு செய்திருந்தாள். நூலகத்துக்குப் பெயின்ட் அடித்தாள், நாடக உடைகள் தைத்தாள். இன்று காலையிலிருந்து பட்டாணி சூப்.

பள்ளிக்குப் புதுப் பேருந்து வாங்குவதற்கான சூப் விருந்து அது. கூடைப்பந்து அரங்கில் மேசைகள் நிறைந்துவிட்டன. வாசலில் வைத்த காணிக்கைக் கூடையும் நிறைந்துகொண்டிருந்தது.

"உங்க பொண்ணு அன்னிகாவோட பின்னல் எவ்வளவு அழகா இருக்கு! நீங்க போட்டதா?" என்றாள் பக்கத்தில் ரொட்டி அடுக்கிய பெத். பள்ளி அலுவலகத்தில் அவள் சேர்ந்து மூன்றே வாரம்.

"பின்னே? ஒரு எடத்துல ஒக்காந்தாத்தானே! முக்கா மணி நேரம் ஆச்சு." டார்லாவின் முகம் மலர்ந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஷானா வந்தாள். முதியோர் இல்லத்து வேலை உடுப்பு, பனி அப்பிய காலணி. சூப் வாங்கிக்கொண்டு போன அன்னிகா, கிண்ணத்தை அப்படியே மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பிள்ளைங்களுக்கு அவங்கள ரொம்பப் பிடிக்கும் போல," என்றாள் பெத்.

டார்லாவின் கணவன் கர்ட் எழுந்து ஷானாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

"உங்க வீட்டுக்காரருக்கும்தான்!" பெத் கண்ணடித்தாள்.

"சூப் வச்சவளக் கவனிக்கத்தான் இங்க ஆளில்ல."

ஷானா ஏதோ சொல்லிச் சிரித்தபடி, அன்னிகாவின் கிண்ணத்திலிருந்து செலரிக் கீரைத்தண்டின் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கிண்ணத்துக்கு மாற்றினாள். அன்னிகா கேட்கவே இல்லை. காலையில் அந்தச் செலரியை நறுக்கிப் போட்டவள் டார்லா. அன்னிகாவுக்கு அது பிடிக்காது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"சில பேருக்குப் பத்து நிமிஷம் வந்து ஒக்காந்தாப் போதும்," டார்லா கரண்டியைப் பானையில் போட்டாள். "நாளெல்லாம் நின்னவளுக்குக் கால் வீங்கினதுதான் மிச்சம்."

பெத் குரலைத் தாழ்த்தினாள். "அவங்க கணக்குல ஆறு மணி நேரம்தான் இருக்கு. நாளைக்குள்ள மிச்சத்தச் செய்யணும், இல்ல பணம் கட்டணும். ரெண்டு ஷிப்ட் பார்க்கிறவங்க எங்க போவாங்க? அவங்க பிள்ளை யாரோ, அடுத்த வருஷம் அதுக்கு இங்க எடம் இல்ல."

ஒரு நொடி டார்லாவுக்கு அது இனித்தது. அடுத்த நொடி அவள் பார்வை, தான் போட்ட பின்னலில் போய் நின்றது.

"ஒருத்தர் மணி நேரத்த இன்னொருத்தருக்குக் குடுக்கலாம் இல்ல?"

"குடுக்கலாம். யாரு குடுப்பா?"

"என்னோடதுல முப்பத்தி நாலு எடுத்து அவ பேர்ல போடு."

பெத்தின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. "அவங்களுக்கா? இப்பத்தானே அப்படிக் கரிச்சுக் கொட்டினீங்க!"

டார்லா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா அப்பா பிரிஞ்சிருந்தா ரெண்டு வீட்டுக் கணக்கும் நிறையணும். அன்னிகாவப் பெத்தவ அவதான்."