மகளை எழுதிக் கொடுத்தவன்

“பெத்த பொண்ணை ஒரு காலேஜ் சீட்டுக்காக எழுதிக் குடுக்கறான் பாரு!”

கோர்ட்டு வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பெர்னீஸ், டெல்பர்ட் காதில் விழட்டும் என்றேதான் சத்தமாகச் சொன்னாள்.

டெல்பர்ட் படி ஏறிக்கொண்டிருந்தான். ஏழெட்டுப் படிதான். அதற்குள் இரண்டு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. கால் எப்படி வரும்?” என்றாள் பெர்னீஸ், பக்கத்தில் நின்றவளிடம்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அமெரிக்காவின் கெண்டக்கி மலைக்குள் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவன் டெல்பர்ட். மனைவி செத்த பிறகு மகள் டெஸ்ஸாவை ஒற்றை ஆளாக வளர்த்தவன். இப்போது அவளைச் சட்டப்படி தன் அக்கா வெர்னாவின் பொறுப்பில் எழுதிக் கொடுக்கப் போகிறான்.

வெர்னா இருப்பது பக்கத்து மாநிலத்தில். டெஸ்ஸா ஆசைப்படும் பெரிய பல்கலைக்கழகமும் அங்கேதான். வெளி மாநிலத்துப் பிள்ளைக்கு அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த மாநிலத்துப் பிள்ளை என்றால் பாதிக் கதவு திறந்த மாதிரி.

அதனால் பிள்ளையையே அந்த மாநிலத்துப் பிள்ளையாக மாற்றிவிடுவது. பணம் படைத்தவர்கள் செய்தால் இதற்குப் பெயர் சாமர்த்தியம். சுரங்கத்துக்காரன் செய்தால் ஊர் சும்மா விடுமா?

உள்ளே, கோர்ட்டு அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் டெஸ்ஸா மறுபடி ஆரம்பித்தாள்.

“அப்பா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. எனக்கு அந்த சீட்டே வேண்டாம். இங்க பக்கத்து ஊர் காலேஜ்லயே படிக்கறேன்.”

“டாக்டராகணும்னு சொன்னவ யாரு?”

“நான்தான். அதுக்காக உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு சொன்னேனா? நீ பீன்ஸ் வேக வச்சா சட்டிதான் வேகும். யாரு சமைச்சுப் போடுவா உனக்கு?”

“கடையில டப்பா சூப்பு விக்கிறான்.”

“வெளையாடாதப்பா!”

“நீ விண்ணப்பம் போடறதுக்குள்ள அத்தை வீட்டுல ஒரு வருஷமாவது இருந்திருக்கணும். இப்பப் போனாத்தான் சரியா இருக்கும். பேசாம வா.”

டெஸ்ஸா பெஞ்சை விட்டு எழுந்துவிட்டாள்.

“பாரமாயிட்டேன்னு நேராச் சொல்லிடேன். எதுக்கு காலேஜ் மேல பழி போடற?”

டெல்பர்ட் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது. அந்த ஊரில் சுரங்கத்தில் இறங்கியவன் எவன் இருமவில்லை? டெஸ்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூட வந்திருந்த வெர்னா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள்.

ஜட்ஜ் ரோவீனா ஸ்லோன் டெல்பர்ட்டோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். மூவரையும் அறைக்குள் கூப்பிட்டபோது அவர் முகத்தில் அந்தப் பழக்கத்தின் சாயல்கூட இல்லை.

“டெஸ்ஸா, உனக்கு இதுல சம்மதமாம்மா?”

“அவருக்கே நான் வேண்டாம். அப்புறம் என் சம்மதம் எதுக்கு?” சொல்லிவிட்டு உடைந்து அழுதாள்.

வெர்னா அவளை அணைத்தாள். ஜட்ஜ் இருவரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“வெட்கமா இல்ல உனக்கு? தாயில்லாப் பொண்ணு. அழ வச்சுட்டு மரம் மாதிரி நிக்கற.”

டெல்பர்ட் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றான்.

“இதுல இன்னொரு கூத்து கேளு. இந்தக் காகிதத்தால உனக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. என் அக்கா மகனுக்கும் இதே வித்தையைப் பண்ணிப் பார்த்தாங்க. அதே பல்கலைக்கழகம்தான். பெத்தவங்கள்ல ஒருத்தர் உயிரோட இருந்தாலும், அவங்க இருக்கற ஊர்தான் பிள்ளைக்கும் ஊர்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டாங்க. பெத்தவங்க ரெண்டு பேருமே இல்லாத பிள்ளைக்குத்தான் வளர்க்கறவங்க ஊர் செல்லுமாம்.”

“தெரியும், ஜட்ஜம்மா.”

“தெரியுமா?”

“நானும் போன் போட்டுக் கேட்டேன். இதையேதான் சொன்னாங்க.”

“தெரிஞ்சுமா அந்தப் பொண்ணைத் தொரத்தற?” ஜட்ஜின் குரல் உயர்ந்தது. “நீயெல்லாம் ஒரு தகப்பனா, டெல்பர்ட்?”

வெளியே டெஸ்ஸா விசும்புவது கதவு வழியாகக் கேட்டது. டெல்பர்ட் கதவைப் பார்த்தான். அது சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தான். அந்த நாலடி நடைக்கே மூச்சு வாங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அவ விண்ணப்பம் போட இன்னும் ஒரு வருஷம் இருக்கு. என் நுரையீரலுக்கு டாக்டர் குடுத்திருக்கறது இந்தக் குளிர்காலம் மட்டுந்தான். அவ விண்ணப்பம் போடற அன்னிக்கு இந்தக் காகிதம் செல்லும், ரோவீனா.”