பந்து கிடைக்கலை!

தொப்பென்று பந்து மறுபடியும் டெய்லர் வீட்டு ரோஜாத் தொட்டியில் வந்து விழுந்தது.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவர் வெளியே வந்தார். மதில் மேல் ஒரு தலை முளைத்தது. தெருப் பிள்ளைகளின் கேப்டன், வாலு.

"அங்கிள், பந்து..."

"கிடையாது! ஒரு சட்டைக்குக் கை வச்சு முடிக்க விடறீங்களாடா? கோல் அந்தப் பக்கம், நீ உதைக்கிறது இந்தப் பக்கம். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"தெரியாம வந்துடுச்சு அங்கிள்."

"தெரியாமயா? நீ என் ரோஜாவைக் குறி பாத்து உதைச்சதை ஜன்னல் வழியா நானே பாத்தேன். கூப்பிடு உங்க அப்பாவை!"

வாலு பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"கத்தாதீங்க அங்கிள், புல்லட்டுக்குக் கேட்டுடும்."

"அது யாருடா புல்லட்?"

"எங்க டீம் பொண்ணு. முன்னாடியெல்லாம் அவளைத் துரத்திப் பிடிக்கவே முடியாது. கொரோனா வந்து போனதுலேருந்து கொஞ்சம் ஓடினாலே இரைக்குது, நெஞ்சு படபடங்குது. மாசக்கணக்கா இப்படித்தான். ரொம்பக் களைச்சுப் போறதுக்கு முன்னாடியே உட்கார்ந்துடணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"உட்கார வேண்டியதுதானே?"

"மகாராணி உட்கார மாட்டா. 'எனக்காக ஆட்டத்தை நிறுத்தினா நாளையிலேருந்து வரவே மாட்டேன்'னுட்டா. பந்தே இல்லேன்னா எல்லாரும் உட்கார்ந்துதானே ஆகணும்?"

டெய்லர் பந்தை அவன் கையில் திணித்தார்.

"அதுக்கு என் ரோஜாதான் கிடைச்சுதா? இனிமே விழுந்தா லேசில தர மாட்டேன், சொல்லிட்டேன்!"

மறுநாளும் தொப்.

"அங்கிள்... பந்து..." மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். வார்த்தைக்கு வார்த்தை இரைத்தது.

"தேடிக்கிட்டிருக்கேன்! எல்லாரும் அப்படியே உட்காருங்க!"

"இன்னுமா... கிடைக்கலை?"

"இலைக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருக்கும்மா!"

மதிலுக்கு அந்தப் பக்கம் இரைப்புச் சத்தம் மெல்ல அடங்கியது. பிறகு அதே குரல் கணீரென்று வந்தது.

"அங்கிள், கண்ணாடியை மாட்டிக்கிட்டுத் தேடுங்க, இல்லேன்னா தள்ளி நில்லுங்க, நானே மதில் ஏறிக் குதிச்சு எடுத்துக்கறேன், ஒரு பந்தைத் தேட இவ்வளவு நேரமா?"

அத்தனையும் ஒரே மூச்சில்.

"அடடே, கிடைச்சிடுச்சு!" என்று, அதுவரை மடியிலேயே வைத்திருந்த பந்தை மதிலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டார் டெய்லர்.