ஏழாம் வாசல்காரர்

"யார் அந்த நத்தானியேல்?"

கோயில் அலுவலக அறையில் மரிய செல்வம் உபதேசியார் தேவசகாயத்தைக் கேட்டார்.

பதினோரு ஞாயிறாக அந்தப் பெயரைப் பூசையில் வாசித்தவர் உபதேசியார்தான். 'நத்தானியேல் ஆன்மா இளைப்பாற. வேண்டுபவர் சுகன்யா மேரி.' கோயில் பெட்டியில் பூசை வேண்டுதல் சீட்டு விழும். எடுத்து வாசிப்பார்.

இன்று அதே சுகன்யா மேரிக்கும் வரதராசன்பேட்டை லியோ பிரபுவுக்கும் கல்யாண ஓலை வாசித்தார். யாருக்காவது தடை இருந்தால் சொல்வதற்காக, கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இது முதல் ஓலை. அதைக் கேட்க வந்திருந்த மாப்பிள்ளையின் அப்பா மரிய செல்வம்தான் பூசை முடிந்ததும் பிடித்துக்கொண்டார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்.

"மூணாம் வாரமே சாவுப் பதிவேட்டைப் பாத்துட்டேன் சார். ஆயிரத்து எழுநூத்து நாலு பேரு. நத்தானியேல்னு ஒருத்தர்கூட இல்ல."

"அப்போ வெளியூர்க்காரன். நிச்சயமான பொண்ணு எவனோ செத்ததுக்கு வாராவாரம் பூசை வெக்குதுன்னா, என்ன அர்த்தம்?"

"அவங்களையே கேக்கலாமேப்பா" என்றான் லியோ பிரபு.

"இப்பவே 'அவங்க'ளா? நீ சும்மா இருடா."

சுகன்யா மேரி வந்தாள். தோளில் துணிப்பை. அவள் அம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, யாரு அந்த ஆளு? உறவா?"

"இல்லீங்க மாமா."

"கூடப் படிச்சவனா?"

"இல்லீங்க. அவரு ஒரு சம்மனசு."

"என்னது?"

"கதையில வர்ற சம்மனசுங்க. திருமானூர் ஸ்கூலுக்கு வேலைக்குப் போறப்போ பஸ்ல படிப்பேன்."

பையிலிருந்து தடியான புத்தகம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். அட்டையில் இடிந்த மாடிக் கட்டடங்கள். அவற்றின் மேலே இறக்கை விரித்து ஒரு தேவதூதர்.

மரிய செல்வத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"இந்தச் சனியனா! என் பொண்ணும் மூணு பாகம் வாங்கி வெச்சிருந்தா. மூணையும் பிடுங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன். சம்மனசு கத்தியைத் தூக்கிட்டுத் திரியுதாம். உபதேசியாரே, நீங்களே சொல்லுங்க. சம்மனசு சாகுமா?"

உபதேசியார் குழம்பினார். சம்மனசுக்கு உடம்பில்லை, சாவில்லை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அப்படியானால் பதினோரு பூசையும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன?

"சாகாதுங்க சார். ஆனா, இதுல எத்தனாம் பக்கத்துல சாகுது?"

"நாலாம் பாகம், முந்நூத்திப் பன்னெண்டுங்க ஐயா."

உபதேசியார் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். செத்துத்தான் போயிருந்தது.

"கதையில செத்ததுக்குப் பூசை வெக்கிற பொண்ணு எங்க வூட்டுக்குச் சரிப்படாது. ஓலையை நிறுத்திடுங்க."

"ஒரு ஓலையோட நின்னா எம்பொண்ணை அப்புறம் யாருங்க கேப்பாங்க?" வாசலிலிருந்து அம்மா குரல் மட்டும் வந்தது.

சுகன்யா மேரி புத்தகத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"கடல் பூந்து சென்னையே பாழாப்போயிடுதுங்க மாமா. மிச்ச ஊரைச் சுத்தி மதிலு. பன்னெண்டு வாசல். வாசலுக்கு ஒரு சம்மனசு, கையில பட்டியல். பட்டியல்ல பேர் இல்லாதவங்களை உள்ள விடக் கூடாதுன்னு உத்தரவு. அந்தச் சம்மனசுங்களுக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். இவரு ஒருத்தர்தான் பட்டியலைக் கீழ போட்டுட்டு, பதினோரு பேரை உள்ள விட்டாரு. அதுக்காக அவரையே வெட்டிட்டாங்க. சாகுறப்போதான் தனக்கு நத்தானியேல்னு ஒரு பேரு உண்டுன்னு சொன்னாரு. கேட்டது ஒரு சின்னப் புள்ள. அதுவும் பயத்துல ஓடிடுச்சு. அப்புறம் அவருக்குன்னு செபம் சொல்ல யாரு இருக்கா? உள்ள போன ஆளுக்கு ஒரு பூசைன்னு பதினொண்ணு வெச்சேன். இன்னியோட முடிஞ்சுதுங்க."

உபதேசியார் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது.

பெயர் இல்லை என்று காட்டுவதற்காக மடியில் திறந்து வைத்திருந்த சாவுப் பதிவேட்டை மெதுவாக மூடினார்.

மரிய செல்வம் கிளம்புவதற்கு எழுந்தார். ரெண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, அது எந்த வாசலு?"

"ஏழாம் வாசலுங்க மாமா."

அவர் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழாம் வாசல்காரரா? மூணாம் பாகம் முடியறப்போ உசுரோடதானே நின்னாரு?"

லியோ பிரபு அப்பாவையே பார்த்தான். "பெட்டியைப் பூட்டிட்டேன்னீங்க?"

"பூட்டித்தான்டா இருக்கு. சாவி என்கிட்டதான் இருக்கு."

மரிய செல்வம் தரையைப் பார்த்தபடி கையை நீட்டினார்.

"அந்த நாலாம் பாகத்தை ஒரு வாரத்துக்குக் குடும்மா. ரெண்டாம் ஓலைக்கு வர்றப்போ திருப்பித் தந்துடறேன்."